ஆடித் தள்ளுபடியில் ஒரு கம்பெனி

என் கணவர் சுந்தரராமனுக்குச் சொந்தமாக நாற்பது சொச்சம் கம்பெனிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பங்கு. ஒரு பங்கு வைத்திருப்பவனும் முதலாளிதான், வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் சேர்மனையே கேள்வி கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறதாம். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்த காலமெல்லாம் எந்த மேலதிகாரியையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர், ரிடையரான பிறகு இந்த உரிமையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

முன்பெல்லாம் இந்தக் கூட்டங்கள் சபா ஹால்களில் நடக்கும். போனவுடன் காபி, முடிந்து வரும்போது ஒரு டப்பாவில் மைசூர்பாகும் வடையும் சிப்ஸும். கொரோனாவுக்குப் பிறகு எல்லாம் வீடியோவுக்குப் போய்விட்டது. டப்பா நின்றது, இவர் பேச்சு நிற்கவில்லை. ஆடி மாதம் பிறந்தால் எங்கள் அபிராமபுரம் ஃப்ளாட்டில் தினம் ஒரு கூட்டம். இடுப்புக்கு மேலே கோட்டும் டையும், கீழே நாலு முழ வேட்டியுமாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவார். சேர்மனுக்கு வணக்கம், ஆண்டறிக்கையை நேரத்துக்கு அனுப்பிய கம்பெனி செக்ரட்டரிக்கு நன்றி, நேரில் கூட்டம் மறுபடி எப்போது என்ற விசாரிப்பு, இவை எந்தக் கம்பெனியானாலும் உண்டு. லாப நஷ்டம் அதற்கப்புறம்தான்.

இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் நானும் விட்டிருந்தேன். மந்தைவெளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிடையரானவள் நான். பாடம் புரிகிறதோ இல்லையோ, கையைத் தூக்கிக்கொண்டே இருக்கும் பையன்களை எனக்கு நிறையப் பழக்கம். இரண்டு நிமிஷம் பேசவிட்டால் அடங்கிவிடுவார்கள்.

கெடுதல் மெஹபூப் அலி பாய் ரூபத்தில் வந்தது. பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தி.நகரில் ஜிப், பட்டன், லைனிங் துணி விற்கும் கடை வைத்திருக்கிறார். ஏதோ ஒரு பொதுக்கூட்டத்தில் மிஞ்சியிருந்த ஒரே டப்பாவை இவரும் அவரும் பங்கு போட்டுச் சாப்பிட்டதில் ஆரம்பித்த சிநேகம். வட்டி அவர்கள் மார்க்கத்தில் கூடாது என்பதால் பேங்க் பங்கு வாங்க மாட்டார், சாராயமும் சிகரெட்டும் தொட மாட்டார். எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மருந்தும் கம்ப்யூட்டரும்தான் மிச்சம் என்று பல வருஷமாகக் கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகளையே வாங்கிச் சேர்த்தவர். அவை எல்லாம் இந்த வருஷம் சரிந்துகொண்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

“இன்னா சார், ரேட்டு பாத்தீங்களா? மெஷினே ப்ரோக்ராம் எழுதுதாம், அமெரிக்காக்காரன் ஆர்டர் குறைச்சுட்டானாம். நான் வெச்சிக்கினு கீறது பாதியாப் பூடுச்சு.”

“அப்போ வித்துடப் போறேளா பாய்?”

“இன்னும் வாங்கிக்கினு கீறேன் சார். இந்த ரேட்டுல எப்போ கெடைக்கும்? உங்களுக்கு இன்னா பயம், உங்க பொண்ணே அந்தக் கம்பெனிலதான கீது?”

எங்கள் மகள் மஹதி அப்படிப்பட்ட ஒரு கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். பார்க்கிறாள் என்றுதான் அன்று அவள் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். பாய் லிஃப்டில் இறங்கிய கையோடு இவர் என்னிடம் வந்தார்.

“ஜானு, அந்த ஆதம்பாக்கம் பணம் பேங்க்ல தூங்கிண்டிருக்கே.”

ஆதம்பாக்கத்தில் என் அப்பா எனக்கென்று விட்டுப்போன அரை கிரவுண்டை இந்த வருஷம் விற்றோம். பணம் என் கணக்கில் இருந்தது. அது தூங்குவதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

“அது தூங்கட்டும். அதை எழுப்பிண்டு போய் எங்கே தள்ளப் போறேள்?”

“மஹதி கம்பெனியில. போன வருஷ விலையில முக்காலுக்குக் கீழே வந்துடுத்து. ரங்கநாதன் தெருவுல ஆடித் தள்ளுபடின்னா கூட்டத்துல நசுங்கிண்டு போய் நிக்கறே. நல்ல கம்பெனியே தள்ளுபடியில வந்தா மட்டும் பயப்படறே.”

“தள்ளுபடியில வாங்கிண்டு வந்த புடவை பீரோவுல வெச்சா மறுநாள் ரவிக்கைத் துணியா ஆயிடறதில்லை.”

பதில் சொன்னேனே தவிர, என் நிஜமான பயம் வேறு. ஏனென்றால் எனக்கு ஒரு விஷயம் தெரியும். கொஞ்ச நாள் முன்னால் மந்தைவெளி மார்க்கெட்டில் நான் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, மஹதி பையைப் பிடித்தபடி, விலை கேட்கிற குரலில் சொன்னாள்: “அம்மா, நான் பெஞ்ச்ல இருக்கேன்.”

செய்துகொண்டிருந்த வேலையை அமெரிக்காக்காரன் நிறுத்திவிட்டால், அடுத்த வேலை கிடைக்கும்வரை சம்பளம் கொடுத்துச் சும்மா உட்கார வைப்பார்களாம். அதற்குத்தான் பெஞ்ச் என்று பெயர். கம்பெனிக்குள்ளேயே வேறு குழுக்களில் இடம் தேடிப் பேட்டி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சீக்கிரம் கிடைத்தால் பிழைத்தாள். கிடைக்காவிட்டால் வீட்டுக்குத்தான்.

“அப்பாகிட்ட சொல்லிடாதேம்மா. வாக்கிங் போற நாகேஸ்வர ராவ் பார்க் முழுக்க என் ரெஸ்யூமேயைச் சுத்த விட்டுடுவார். இன்னும் ரெண்டு பேட்டி பாக்கி இருக்கு. கிடைச்சதும் நானே சொல்றேன்.”

அதிலிருந்து தினமும் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரூம் கதவைச் சாத்திக்கொள்வதும், குழந்தை உழைக்கிறதே என்று இவர் டிவி சத்தத்தைக் குறைப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது. பார்க்கவே எனக்கு ஆத்திரமாகவும் அழுகையாகவும் வரும். யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் பாத்திரங்களிடம் காட்டினேன்.

பணம் தர மாட்டேன் என்று சொல்ல எனக்கு இருந்த ஒரே காரணம் வெளியே சொல்ல முடியாத காரணம். மற்ற காரணங்களை எல்லாம் இவர் ஆண்டறிக்கையைக் காட்டி அடித்துப் போட்டார். கடன் இல்லாத கம்பெனியாம், வருஷா வருஷம் டிவிடெண்டாம். பாட்டாகப் பாடினார். என் பெயரில் ஒரு பங்குக் கணக்கும் திறந்துவிட்டார். ஆனால் என் போனுக்கு வரும் ஓடிபி இல்லாமல் ஒரு ரூபாயும் நகராது. ஒரு வாரம் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் ஒப்பந்தம் பேச வந்தார்.

“அவா பொதுக்கூட்டம் வர வியாழக்கிழமை. நான் சேர்மனை ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். அவர் நேரடியா, ஆமாம்னு பதில் சொன்னா நீ ஓடிபி தரணும். வழவழன்னு சொன்னார்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

“என்ன கேள்வி?”

“அது பங்குதாரருக்கும் சேர்மனுக்கும் நடுவுல.”

நான் உடனே சரி என்றேன். எத்தனை கூட்டங்களைச் சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறேன். உங்கள் ஆலோசனையைக் குறித்துக்கொண்டோம் என்பதைத் தவிர வேறு பதிலை எந்தச் சேர்மனும் சொன்னதில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை மஹதிதான் லேப்டாப்பை மேஜையில் வைத்து, லிங்கைத் திறந்து, கேமராவைச் சரிபண்ணிக் கொடுத்தாள். இவருக்கு அன்மியூட் பண்ண இன்றுவரை வராது. அதனால் படத்தில் விழாதபடி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, காபி டம்ளரோடு அவளே உட்கார்ந்துகொண்டாள்.

“உங்க ஆபீஸ்ல ஒண்ணும் சொல்ல மாட்டாளே?” என்று இவர் கேட்டார்.

“இன்னிக்கு வேலை கம்மிதான்ப்பா,” என்றாள்.

நான் சமையலறையில் துவையலுக்கு வறுத்துக்கொண்டிருந்தேன். இவர் பெயரைக் கூப்பிட்டார்கள். வணக்கம் ஆயிற்று, செக்ரட்டரிக்கு நன்றி ஆயிற்று, நேரில் கூட்டம் எப்போது என்பதும் ஆயிற்று. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தன் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் இங்கிலீஷில் கேட்டார்.

“மதிப்பிற்குரிய சேர்மன் அவர்களே, இந்தக் கம்பெனியில் வேலையே இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சம்பளம் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? எங்கள் பணத்தில் இவர்கள் எத்தனை நாள் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்? இவர்களை அனுப்பிவிட்டால் லாபம் உயராதா?”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கைக்கு அகப்பட்டது மிக்ஸி. வறுத்தது ஆறியதா என்றுகூடப் பார்க்காமல் ஜாரில் கொட்டி மூன்றாம் எண்ணில் வைத்துத் திருகினேன். அந்தச் சத்தத்தில் கேள்வி சேர்மன் காதில் விழாது என்று ஒரு நப்பாசை. இவர் என்ன செய்தார் என்றால், சத்தம் போதவில்லை என்று நினைத்து, அதே கேள்வியை இன்னும் உரக்க இன்னொரு தரம் கேட்டார். எட்டிப் பார்த்தேன். மஹதி கையிலிருந்த காபியைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

மற்ற பங்குதாரர்கள் ஒவ்வொருவராகப் பேசி முடித்தார்கள். கடைசியில் சேர்மன் பதில் சொல்ல ஆரம்பித்தார். நான் கரண்டியோடு ஹாலுக்கே வந்து நின்றேன். குறித்துக்கொண்டோம் என்று சொல்லு, குறித்துக்கொண்டோம் என்று சொல்லு என்று கபாலீஸ்வரரை வேண்டிக்கொண்டேன்.

“சென்னையிலிருந்து திரு. சுந்தரராமன் இன்றைய கூட்டத்தின் மிக முக்கியமான கேள்வியைக் கேட்டார்,” என்றார் அந்த மகானுபாவர். “நேரடியாகவே பதில் சொல்கிறேன். ஆமாம். இந்தக் காலாண்டு முடிவதற்குள் பெஞ்ச் என்ற ஒன்றே இருக்காது. அவருடைய அக்கறைக்கு நன்றி.”

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. மைக் அணைந்திருக்கிறதா என்று மஹதியிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நேரடியா ஆமாம்னுட்டார். என் பேரைச் சொல்லிச் சொன்னார். ஜானு, ஓடிபி.”

ஆர்டரை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்திருக்கிறார். என் போன் உடனே ‘டிங்’ என்றது. நான் அசையவில்லை. மஹதியைப் பார்த்தேன். அவள் பாதி காபியை மேஜையில் வைத்தாள்.

“குடும்மா,” என்றாள். “ஏறும்.”

அவள் சொன்ன விதத்தில் என்னவோ இருந்தது. எண்ணைப் படித்தேன், இவர் அழுத்தினார். என் அப்பாவின் அரை கிரவுண்டு போய்ச் சேர்ந்தது.

“எப்படி அவ்வளவு நிச்சயமா ஏறும்கறே? உள்ளே ஏதாவது பேசிக்கறாளா?” என்று இவர் ஆசையாகக் கேட்டார்.

“உள்ளே ஒண்ணும் பேசிக்கலைப்பா. நான்தான் பெஞ்ச்ல இருக்கேன். எங்க சம்பளமெல்லாம் மிச்சமானா ஏறத்தானே செய்யும்.”

இவருக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்ததில் புரிந்துவிட்டது. முகம் சட்டென்று வயசாகிப் போயிற்று. திட்டவேண்டும் என்று வாரக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது.

கூட்டம் இன்னும் முடியவில்லை. யாரோ நன்றியுரை படித்துக்கொண்டிருந்தார். இவர் லேப்டாப்பின் மேல் பாய்ந்து, கை தூக்குகிற பொத்தானைக் குத்து குத்தென்று குத்தினார். கூட்டத்தை நடத்திய பெண், உங்கள் முறை முடிந்துவிட்டது சார் என்று சொல்வதற்காக இவர் மைக்கைத் திறந்துவிட்டாள். அது போதுமாக இருந்தது. இவர் எழுந்து நின்றார். கோட்டு, டை, வேட்டி மூன்றும் சேர்ந்து தேசம் முழுக்கத் தெரிந்தன. இங்கிலீஷ் எங்கே போயிற்றோ, தமிழில்தான் வந்தது.

“சேர்மன் சார், நான் என் கேள்வியை வாபஸ் வாங்கிக்கறேன்.”

சேர்மனுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. “பதில் சொல்லியாச்சே சார்,” என்றார் சிரித்துக்கொண்டே.

“அப்போ நீங்களும் பதிலை வாபஸ் வாங்கிக்கோங்கோ.”

“எதுக்கு சார்?”

“என் பொண்ணு அந்த பெஞ்ச்லதான் உக்காந்திண்டிருக்கா. தெரியாம கேட்டுட்டேன். நன்னா வேலை பண்ணுவா சார், பொய் சொல்லலை. ப்ளஸ் டூவுல கணக்குல நூத்துக்கு நூ…”

மஹதி லேப்டாப்பை அறைந்து மூடினாள். ரூமுக்குள் போய்க் கதவையும் அறைந்து சாத்தினாள்.

அந்தக் காட்சியைக் கம்பெனி முழுக்கப் பார்த்திருக்கிறது. யாரோ அதை வெட்டி எடுத்து வாட்ஸப்பில் விட, சாயங்காலத்துக்குள் இவர் ‘பெஞ்ச் அப்பா’ ஆகிவிட்டார். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் மஹதியின் சிநேகிதி கீர்த்தி போன் பண்ணி, “உங்கப்பா செம மச்சி, எங்கப்பா எல்லாம் எனக்காக நின்னதே இல்ல,” என்றாளாம். அதை மஹதி என்னிடம்தான் சொன்னாள். அப்பாவோடு பேசவில்லை. இவர் கதவுக்கு வெளியே நின்று, “காபி வேணுமா கண்ணா?” என்று கேட்டு, பதில் வராமல் திரும்பி, மறுபடி போய்க் கேட்டு, இப்படியே இருந்தார். எனக்கு இருவர் மேலும் கோபம், இருவர் மேலும் இரக்கம்.

மறுநாள் சந்தை திறந்ததுமே விலை ஏறியது. திங்கட்கிழமையும் ஏறியது. மஹதியின் பாக்கிப் பேட்டிகள் இரண்டையும் ரத்து செய்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் ஹெச்.ஆரிலிருந்து கூப்பிட்டார்கள். ரொம்ப மரியாதையாகப் பேசினார்களாம், அப்பாவை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்களாம். அதன் பிறகு இரண்டு மாசச் சம்பளம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இது எதுவும் தெரியாமல் மெஹபூப் அலி பாய் பெரிய அல்வா டப்பாவோடு வந்து சேர்ந்தார். கூடத்தில் நுழைகிறபோதே, “சொன்னேனா இல்லியா சார், எப்படி ஏறிக்கினு கீது பாத்தீங்களா,” என்றார். விஷயத்தைச் சொன்னேன். டப்பாவை நீட்டவும் முடியாமல் திருப்பி எடுத்துப் போகவும் முடியாமல் நின்றார்.

“இப்போ நான் இன்னாம்மா பண்றது? இது ஹலாலா ஹராமான்னு எந்த ஹஸ்ரத்தைப் போய்க் கேக்கறது?”

மஹதி ரூமிலிருந்து வந்து, டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கிப் பிரித்து, ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். “நன்னா இருக்கு அங்கிள். நீங்க என்ன பண்ணினேள், உக்காருங்கோ,” என்றாள். அவர் உட்கார்ந்தார், ஆனால் அல்வாவைத் தொடவே இல்லை.

இவர் அந்தப் பங்குகளை விற்கவும் மாட்டேன் என்றார், பார்க்கவும் மாட்டேன் என்றார். என் போனை என்னிடமே கொடுத்து விலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நான் சொல்ல வாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொண்டார். கணக்கு டீச்சர் புத்தி எங்கே போகும், நான் போட்டுப் பார்த்துவிட்டேன். பெண்ணுக்குக் கம்பெனி கொடுத்தனுப்பிய பணத்தைவிட எங்களுக்கு வந்திருந்த லாபம் அதிகம். வாயை மூடிக்கொண்டிருக்கத் தீர்மானித்தேன். ஆனால் அவளும் என் பெண்தானே, கணக்குப் போடாமல் இருப்பாளா.

மறுநாள் காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே மஹதி ஆரம்பித்தாள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அப்பாவிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

“அப்பா, அதை இப்போ வித்துடாதே.”

இவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் என்ன சொன்னாள் என்று காதில் வாங்கவில்லை. “சொல்லு கண்ணா,” என்றார்.

“அதான் சொல்றேன். இப்போ வித்துடாதே. பெஞ்ச் முடிஞ்சாச்சு, அடுத்தது டெஸ்டிங் டீம். கீர்த்தி அதுலதான் இருக்கா. நிறைய பேர். அவாளை அனுப்பினா இன்னும் நன்னா ஏறும். அப்போ விக்கலாம்.”

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அப்பாவின் பணம் வீணாகக் கூடாதே என்று நிஜமான அக்கறையோடு, மிளகாய்ப்பொடியை எண்ணெயில் குழைத்தபடி சொன்னாள். அதுதான் இவரைத் தூக்கிவாரிப் போட்டது. எச்சில் கையோடு எழுந்தார். ஒன்பதேகாலுக்குச் சந்தை திறக்கும்வரை கடிகாரத்தின் அடியிலேயே நின்றார், திறந்ததும் எல்லாவற்றையும் விற்றார். பணம் வந்ததும், என்னிடம் ஓடிபி கேட்டு, லாபத்தைத் தனியாக எடுத்து மஹதியின் கணக்கில் போட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

“உன் இஷ்டம்ப்பா. அவசரப்பட்டுட்டே,” என்றாள்.

அடுத்த வாரமே அவள் சொன்னது நடந்தது. விலை இன்னும் ஏறியது, கீர்த்தியும் வேலை போய் எங்கள் வீட்டுக்கு வந்தாள். விற்காமல் வைத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று இந்தத் தடவை நான் கணக்குப் போடவில்லை. இவரும் கேட்கவில்லை. கீர்த்திக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அந்தப் பெண் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.